இதயம், இரவு 11.42

கடிதத்தில் என் பெயரில் பிழை இல்லை:
மோர்வன் கெடிஸ், மூன்றாம் மேசை,
வேலைவாய்ப்பு மையம், டண்டீ.
"கடந்த செவ்வாய் இரவு 11.42 மணிக்குத்
தாங்கள் ஓர் இதயம் இட்டுள்ளது
எங்கள் கவனத்திற்கு வந்துள்ளது."

இட்டேன்தான்.
படுக்கையில், ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு.
உதவித்தொகையில் கை வைக்கிறவர்களைப் பற்றி
ஒரு பேருந்து ஓட்டுநர் எழுதிய நாலு வரி.
எழுத்தில் பிழை இருந்தது, கோபத்தில் இல்லை.
கட்டைவிரல் போய்த் தொட்டுவிட்டு வந்தது,
பால் ஆறிவிட்டதா என்று பார்ப்பதுபோல்.

பதினேழு வருடமாக
கழுத்து அட்டையை வீட்டுக் கொக்கியில் மாட்டியதும்
அரசாங்கம் அங்கே தொங்கும்,
நான் சமையலறைக்குப் போவேன்
என்றே நினைத்திருந்தேன்.

அலஸ்டேர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:
"தேர்தலுக்குப் பத்தொன்பது நாள்.
அதுவரை பூனைப் படம் போடு, மோர்வன்."
மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பூனையா என்று கேட்டேன்.
அதுதான் உத்தமம் என்றார், சிரிக்காமல்.

ஐந்தாம் மாடியில் யாரும் எதையும் அமுக்குவதில்லை.
அவர்கள் விருந்துக்குப் போகிறார்கள்.
விருந்தில் தோளைத் தட்டினால்
மணியும் நிமிடமும் பதிவாவதில்லை.
இதை நான் அலஸ்டேரிடம் சொல்லவில்லை.
டே ஆற்றுக் காற்றிடம் சொன்னேன்,
பேருந்து நிறுத்தத்தில், உரக்க.
ஒரு கடற்காகம் மட்டும் கேட்டது. அதுவும் பறந்துபோனது.

வியாழக்கிழமை கென்னி லெய்ட்ச் வந்தார்.
சாரம் கட்டுகிறவர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு.
சட்டையில் அந்தக் கட்சியின் சின்னம்,
கை வைக்கிற அதே கட்சி.
உட்கார்ந்தார். படிவத்தை மேசையில் வைக்கவில்லை,
மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க இதயத்தைப் பாத்தேன்" என்றார்.
"என் அண்ணன் பொண்ணு காட்டுனா.
நான் வேணா வேற மேசைக்குப் போகவா?"

சண்டைக்கு வந்திருந்தால்
எனக்கு வசதியாக இருந்திருக்கும்.
அவர் குரலில் சண்டை இல்லை.
எனக்குத் தெரிந்த குரல் அது:
வாரக் கடைசிவரை பதினான்கு பவுண்டை
நீட்டி நீட்டிப் பார்க்கிறவரின் குரல்.
என் விரலைப் பார்த்துப் பயந்திருந்தார்,
பதினேழு வருடம் நான் சுத்தம் என்று நினைத்த விரலை.

யாராயிருந்தாலும் எனக்கு ஒன்றுதான் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அப்போது நினைவு வந்தது:
போன மாதம் ஒரு கையெழுத்து விடுபட்டதென்று
ஒருவரைத் திருப்பி அனுப்பினேன்.
மழை. அவரிடம் குடை இல்லை.
அவர் சட்டையில் என்ன இருந்தது?
சின்னம் இருந்ததா, வெறும் பொத்தானா?
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
மழை மட்டும் வருகிறது.

"இங்கேயே இருங்க" என்றேன்.
ஏழாம் பக்கத்தில் ஒரு கட்டம் காலி.
இடது கையால் கென்னி கையெழுத்திட
நாலு நிமிடம் ஆயிற்று.
பின்னால் வரிசை செருமியது.
நான் பேனாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவு என் இதயத்தை எடுத்துவிட்டேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு இருநூற்றுப் பதினொன்றாயிற்று.
ஓட்டுநருக்குத் தெரிந்திருக்காது.
எனக்கு ஏதோ திருடியதுபோல் இருந்தது,
கொடுத்தவளே நான்தான் என்றாலும்.

எங்கள் ஊரில் விரலில் மை வைப்பதில்லை.
நூலில் கட்டிய பென்சில், ஒரு பெருக்கல் குறி,
மடித்தால் முடிந்தது.
பள்ளிக்கூட வாசலில் காற்றுக்குத் தள்ளாத கதவை
யாரோ முதுகால் பிடித்து நின்றார்.
மாவுக்கட்டைப் பார்த்தபின்தான் முகத்தைப் பார்த்தேன்.
இருவரும் வானிலையைப் பற்றி நாலு வார்த்தை பேசினோம்.
வானிலைக்கு இன்னும் தடை வரவில்லை.

மறுநாள் காலை, அலுவலகத் திரையில்,
கென்னி லெய்ட்சுக்குப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தேன்.
சேர்ந்திருந்தது.
வேலை நிமித்தமின்றி ஒருவர் கணக்கைத் திறக்கக் கூடாது.
அது வேறு விதி,
அதற்கு வேறு கடிதம் வரும்.